வலி இருந்தால்தான் வரலாம்

தம்பி,

போன வாரம் போனில் என் தோள்பட்டையைப் பற்றிக் கேட்டாய். வெள்ளிக்கிழமை மதியம் சிதம்பரம் கிளினிக்குக்கு வந்துவிடுங்கள் அம்மா, கூட்டம் குறைவாக இருக்கும், நானே பார்க்கிறேன் என்றாய். நான் பதில் சொல்லாமல் இருந்ததைப் பயம் என்று எடுத்துக்கொண்டு, முதல் தடவை வந்தால் என்ன செய்வோம், அடுத்தடுத்து வந்தால் என்ன நடக்கும், தொடர்ந்து வந்தால் உடம்புக்கு என்ன நல்லது என்று பொறுமையாக விளக்க ஆரம்பித்தாய். புதிதாக வருகிறவர்களிடம் நீ பேசுகிற குரல் அது. நல்ல குரல்தான். ஆனால் அந்த விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. உன் மேஜையில் நான் ஒருநாளும் படுத்ததில்லை. ஆனாலும் அங்கே போனால் என்ன நடக்கும் என்று உன்னிடம் வருகிற எவரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். உன் அப்பா வெள்ளிக்கிழமைதோறும் போய்வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, என்னிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். போனில் பேசினால் நீ குறுக்கே ஏதாவது சொல்லுவாய், நான் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். அவசரமில்லாத ஒரு நேரமாகப் பார்த்துப் படி.

உன் அப்பா வேலை பார்த்த காலம் முழுக்கக் கடலூர், சிதம்பரம் தடத்தில் கண்டக்டராக இருந்தவர். சீட்டுக் கம்பியில் இடுப்பைச் சாய்த்து நின்றே டிக்கெட் கிழித்த முதுகு. நின்றவரைக்கும் சும்மா இருந்துவிட்டு, ரிட்டயர் ஆன பிறகுதான் அது தொல்லை கொடுக்க ஆரம்பித்தது. காலையில் குனிந்து செருப்பு மாட்ட முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தால் காலாலேயே துழாவி மாட்டுவார். அப்போதுதான் நீ பிசியோதெரபி முடித்து, பெங்களூரில் எலும்பு மூட்டுகளை அழுத்திச் சரிசெய்கிற கைரோபிராக்டிக் வகுப்புக்கும் போய்வந்து, சிதம்பரம் கீழவீதியில் மாடியில் இடம் பிடித்து கிளினிக் திறந்திருந்தாய். முதுகு வலிக்காரர்களுக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தை இத்தனை படிக்கட்டு ஏறிப் போகிற மாதிரி ஏன் எடுத்தான் என்று நான் கேட்டேன். ஏறி வர்றவங்களுக்கு வலி கம்மி, ஏற முடியாதவங்கதான் நிஜ நோயாளின்னு அவன் கண்டுபிடிச்சுக்குவான் என்று அவர் உனக்காக வாதாடினார். உனக்காக வாதாட அவருக்கு ஒரு காரணமும் தேவைப்பட்டதில்லை.

முதல் நாள் போய்வந்ததை அவர் சொன்ன அழகு இன்னும் என் காதில் இருக்கிறது. நீ அவரை உட்கார வைத்து ரொம்ப நேரம் கேள்வி கேட்டாயாம். எப்போது ஆரம்பித்தது, எங்கே தொடங்கி எங்கே போகிறது, கால் மரத்துப்போகிறதா, தூக்கத்தில் வலிக்கிறதா, சாப்பாடு எப்படி, எடை குறைந்திருக்கிறதா, ஒன்னுக்குப் போவதில் சிரமம் உண்டா, சொந்தத்தில் யாருக்காவது பெரிய நோய் இருந்ததா. குனியச் சொன்னாய், திரும்பச் சொன்னாய், முட்டியில் தட்டிப் பார்த்தாய், மல்லாக்கப் படுக்க வைத்து இரண்டு காலும் ஒரே நீளமா என்று பார்த்தாய். எக்ஸ்ரே எடுத்துவரச் சொல்லி, வந்த பிறகுதான் கை வைத்தாய். முகத்தை வைக்க மேஜையில் ஓட்டை இருக்கிறது, தரையைப் பார்த்துக்கொண்டே படுக்கலாம், அவன் கை இடுப்பில் ஒரு இடத்தில் வந்து நிற்கும், மூச்சை விடுங்கப்பா என்பான், விடும்போது ஒரு அழுத்து, பொட்டென்று ஒரு சத்தம் என்றார். எலும்பு உடைகிற சத்தம் இல்லையாம், மூட்டுக்குள் இருக்கிற காற்றாம். மறுநாள் உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கும், தண்ணீர் குடித்துவிட்டு நடந்தால் சரியாகும் என்று நீ சொன்னதைச் சொன்னார். மறுநாள் அப்படித்தான் இருந்தது. அதற்கும் மறுநாள் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உன் படிப்பின் மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதையை நான் மறைக்கவில்லை. இப்போதும் மறுக்கவில்லை.

கொஞ்ச வாரத்தில் வலி போய்விட்டது. விட்டுவிடாமல் வந்துகொண்டே இருங்கள், வண்டிக்கு சர்வீஸ் விடுகிற மாதிரி என்று நீ சொன்னாய். அவர் வாழ்க்கையிலேயே அதைப்போல ஒரு நல்ல செய்தியைக் கேட்டிருக்கமாட்டார். ஏனென்றால் நீ கடலூருக்கு வருவது அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் ஜாஸ்தி, தீபாவளிக்கு முதல் நாள் வருகிறேன், மறுநாள் கவிதா வீட்டுக்குப் போகணும் என்பாய். மருமகளைக் குறை சொல்லவில்லை. அவளாவது போனில் பேசுவாள். உன்னைப் பார்க்க வேண்டும் என்றால் உன் நோயாளியாக வரவேண்டும் என்பதை அவர் முதலில் கண்டுபிடித்தார். ரிட்டயர் ஆன கண்டக்டருக்குக் கொடுக்கிற இலவச பஸ் பாஸ் கையில் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, வெளுத்த சட்டை போட்டு, கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து கிளம்பிவிடுவார். பஸ்ஸில் தெரிந்த கண்டக்டர்களிடம், பையன்கிட்ட சொடக்கு எடுத்துக்கப் போறேன் என்பார். சொடக்கு என்று சொல்லாதீங்க, சலூன்ல கழுத்தைத் திருப்புற மாதிரி இருக்கு என்று நீ கோபித்துக்கொண்டாய். அதற்குப் பிறகு உன் காதுபட அவர் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை வழக்கத்தைவிடச் சீக்கிரம் திரும்பி வந்துவிட்டார். என்னாங்க, தம்பி ஊரில் இல்லையா என்று கேட்டேன். இருக்கான் என்றார். கைகால் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் சொன்னார். வலி எப்படிப்பா இருக்கு என்று நீ கேட்டிருக்கிறாய். சுத்தமா இல்லடா, நல்லா இருக்கேன் என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். சர்வீஸ் என்று நீயே வரச்சொன்னதை மறந்து, அப்படியென்றால் இன்றைக்கு வேண்டாம்பா, வெளியே ஆள் காத்திருக்கிறார்கள், நீங்க கிளம்புங்க என்று சொல்லிவிட்டாய். அவர் மேஜையில்கூட ஏறவில்லை. நீ தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. வலி இல்லாதவரை ஒதுக்கிவிட்டு வலி இருப்பவரைப் பார்ப்பது வைத்தியம்தான். ஆனால் எதிரில் நின்றவர் சிதம்பரத்துக்கு எதற்காக வந்தார் என்று ஒரு நிமிஷம் நீ நினைத்துப் பார்த்திருக்கலாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் கிளம்பும்போது நான் வாசலில் நின்று, அதுதான் வலி இல்லையே, எதுக்கு வெயில்ல போறீங்க என்றேன்.

"இருக்குன்னு சொல்லிக்கிறேன்" என்றார். "வலிக்குதுன்னு சொன்னாதான தொடுவான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெற்ற பிள்ளையிடம் பொய் சொல்லி முதுகைக் காட்டவேண்டிய தலையெழுத்து யாருக்காவது உண்டா என்று அன்று முழுக்க முணுமுணுத்துக்கொண்டே கிடந்தேன். இதை உன்னிடம் சொன்னால், வலியே இல்லாமல் வந்தால் என் நேரம்தானே வீண் என்று இன்னும் கறாராகிவிடுவாய் என்று பயந்துதான் அவர் என் வாயை அடைத்து வைத்திருந்தார்.

அதன்பிறகு உன் ரொட்டீன் விசிட் என்பது என்னவாக ஆனது என்று நான் சொல்லவா? முதல் நாள் கேட்ட கேள்விகளை நீ இரண்டாம் முறை கேட்கவேயில்லை. கொஞ்ச நாளுக்கு ஒருதரம் முழுசாகத் திரும்பப் பரிசோதிப்பேன் என்று ஆரம்பத்தில் சொன்னாயாம். அது ஒருமுறைகூட நடக்கவில்லை. வரவேற்பில் இருக்கிற பெண், தாத்தா வலி இருக்கா என்று கேட்பாள். இருக்கும்மா என்பார். குப்புறப் படுப்பார். நீ காதில் எதையோ மாட்டிக்கொண்டு யாரிடமோ பேசியபடியே வருவாய். ஒரு அழுத்து, ஒரு சத்தம், எழுந்திருங்கப்பா. அந்த நேரத்துக்குள் அவர் உன்னிடம் சொல்ல நினைத்ததை எல்லாம் பஸ்ஸிலேயே வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு போவார். பாதிகூடச் சொல்லியிருக்கமாட்டார். ஒருநாள் நீ அவரை வீடியோ எடுத்தாய். சத்தம் வந்ததும் அவர் கண்ணை மூடிச் சிரிக்கிறாரே, அதுதான். நெட்டில் போட்டாய், ஊரெல்லாம் பார்த்தது. பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரர்கூடப் போனை நீட்டி அவரிடம் காட்டினார். எடுத்த அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து, இன்னைக்கு ரொம்ப நேரம் என்கூட இருந்தான், வெளிச்சம் சரியில்லன்னு ரெண்டு தடவை எடுத்தான் என்றார்.

நிஜமான வலி எப்போது வந்தது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வலிக்குது, வலிக்குது என்று வாராவாரம் சொல்லிக்கொண்டிருந்தவர் வீட்டில் அந்தப் பேச்சையே நிறுத்திவிட்டார். அதுதான் முதல் அடையாளம் என்று இப்போது புரிகிறது. படுத்தால் தூக்கமில்லை. பகலில் நாற்காலியிலேயே கண் அசந்தார். பெல்ட்டில் கடைசி ஓட்டைக்கும் உள்ளே புதிதாக ஆணியால் ஓட்டை போட்டுக்கொண்டார். அடிக்கடி பாத்ரூம் போய் வெகு நேரம் நின்றுவிட்டு வருவார், கேட்டால் வயசாச்சு இல்ல என்பார். நான் உனக்குப் போன் செய்தேன். அப்பா மெலிந்துகொண்டே போகிறார், என்னவென்று பார் என்றேன். "அந்த வயசுல வெயிட் குறைஞ்சா நல்லதும்மா, முதுகுக்கு லோடு கம்மி" என்றாய். நான் அப்பாவிடம் போய், நீங்களாவது அவனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று சண்டை பிடித்தேன். "சொல்லிக்கிட்டுத்தான இருக்கேன், வாரா வாரம் வலிக்குதுன்னுதான சொல்றேன்" என்றார். அதற்குள் அவருக்கு உண்மையும் பொய்யும் ஒரே வாக்கியமாகிவிட்டிருந்தன. அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு தம்பி. உன்மேல் மட்டும் என்று நினைக்காதே.

கடைசியாகப் போன வெள்ளிக்கிழமை அவர் கிளம்பும்போதே நடை சரியில்லை. போகவேண்டாம் என்றேன். போயிட்டு வந்தா சரியாயிடும் என்றார். அன்றைக்கு அவர் பாசத்துக்காக வரவில்லை, நிஜமாகவே வைத்தியத்துக்காக வந்தார். உன்னிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. எப்போதும் சொல்வதைத்தான் சொன்னார் என்று நீ சொல்கிறாய். நீயும் எப்போதும் செய்வதைச் செய்தாய். திரும்பி வரும்போது ஆலப்பாக்கம் தாண்டி ஒரு வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டதாம். கடலூர் பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிய பிறகும் அவர் உட்கார்ந்தே இருந்திருக்கிறார். கண்டக்டர் அவரோடு வேலை பார்த்தவர். அண்ணே, தூங்கிட்டீங்களா என்று தோளைத் தொட்டிருக்கிறார். கால் வரலப்பா என்றாராம். ஆட்டோவில் போட்டு அவர்தான் கொண்டுவந்தார். உன் அப்பா என்னிடம் முதலில் சொன்னது, தம்பிக்கு போன் பண்ணாத, கிளினிக்ல ஆள் இருப்பாங்க என்பதுதான்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், புராஸ்டேட்டில் ஆரம்பித்து முதுகெலும்புவரை பரவியிருக்கிறது, அரித்துப்போன எலும்பு நொறுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். நீயும் பக்கத்தில் நின்றாய். அழுத்தியதாலா, பஸ் குலுங்கியதாலா என்று நான்தான் கேட்டேன். இரண்டில் எதுவும் இருக்கலாம், எதுவும் இல்லாமலேகூட உடைந்திருக்கலாம் என்றார். நீ அதைப் பிடித்துக்கொண்டாய். பிடித்துக்கொள், நான் பிடுங்கவில்லை. ஆனால் வெளியே வராண்டாவில் வந்து நீ சொன்னதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

"எப்ப கேட்டாலும் வலிக்குதுன்னுதாம்மா சொன்னாரு. எது நிஜம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அதற்குப் பதில் இப்போது சொல்கிறேன். அவர் வாய் பொய் சொன்னது. அவர் முதுகு சொல்லவில்லை. சட்டையைத் தூக்கி வாராவாரம் நீ பார்த்தாய். விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததை நான் துவைக்கிற சட்டையின் தளர்விலேயே கண்டுபிடித்தேன். நீ வெறும் தோலில் கை வைத்துப் பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை. தெரியாமல் போனது உன் படிப்பின் குறை இல்லை. முதல் நாள் நீ கேட்டாயே, அந்தக் கேள்விகள் எல்லாம் சரியானவை. அதில் பாதியை அந்த மாதங்களில் ஒருமுறை கேட்டிருந்தால் போதும். அப்பா என்பதால் கேட்கவில்லை. வாடிக்கையாக வருகிறவர் என்பதால் கேட்கவில்லை. இரண்டில் எது என்று நீயே யோசித்துக்கொள். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கசக்கிறது.

ஆப்பரேஷன் செய்தார்கள், கதிர்வீச்சு கொடுத்தார்கள், கால் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகு நீ தினமும் வந்தாய். இதையும் எழுதாமல் விட்டால் நியாயமில்லை. காலையில் கிளினிக் திறக்கும் முன்பே கடலூர் வந்து, அவர் காலை மடக்கி நீட்டி, பாதத்தைத் தேய்த்து, புண் வராமல் புரட்டிப் போட்டு, முகம் துடைத்துவிட்டுப் போனாய். சொந்தக்காரர்கள் எல்லாம் இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்றார்கள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீ அப்படி அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், உணர்ச்சியே இல்லாத அந்தக் காலை எட்டிப் பார்த்துவிட்டு, அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "வெளிய யாராச்சும் காத்துக்கிட்டு இருக்காங்களா பாரு." நீ தலையைத் தூக்கவில்லை. உன் கை மட்டும் நின்றது. யாரும் இல்லங்க, அவன் உங்களுக்காகத்தான் வந்திருக்கான் என்றேன். அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. மழைக்காலம் முடிகிற சமயம் போய்ச் சேர்ந்தார்.

அவர் வீடியோ இன்னும் உன் கிளினிக்கின் ஃபேஸ்புக் பக்கத்தில் இருக்கிறது. தாத்தா சூப்பர் என்று யார் யாரோ இன்றைக்கும் எழுதுகிறார்கள். கவிதாவின் தங்கை காட்டினாள். நினைவுக்காக வைத்திருக்கிறாய் என்றால் உன் போனில் வைத்துக்கொள். அந்தச் சிரிப்பைப் பார்த்து இன்னொரு வீட்டிலிருந்து ஒருவர் உன் படியேறி வரவேண்டாம். தொழிலை விடு என்று நான் சொல்லவில்லை. உன் கையில் குணம் கண்டவர்கள் இருக்கிறார்கள், அவரே கண்டார். ஆனால் வழக்கமாக வருகிறவர் என்று ஒருவர் உனக்கு இருக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் அவர் புது ஆள். வலி என்று சொன்னால் எதற்காகச் சொல்கிறார் என்று கேள். வலி இல்லை என்று சொல்கிறவரைத் துரத்தாதே. வெறுமனே உட்கார்ந்துவிட்டுப் போகவும் சிலர் வருவார்கள். உன்னிடம் கை இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றுக்கும் அதைக் கொண்டுபோய் வைக்காதே.

நீ சொன்ன அந்த வெள்ளிக்கிழமை நான் வந்தேன். உனக்குத் தெரியாது. வரவேற்பில் புதுப் பெண். நான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை, நானும் சொல்லவில்லை. பெயரை மட்டும் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தேன். திரைக்குப் பின்னால் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெரியவர் இருந்தார்; அவருடைய பெண் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், வாப்பா ரொம்ப நாளாக இங்கேதான் வருகிறார் என்றாள். உன் குரல் கேட்டது. காதில் எதுவும் மாட்டாத குரல். படுத்திருக்கும்போதும் வலிக்குதா பாய், தூக்கம் கலையுதா, போன மாசம் போட்ட சட்டை இப்ப லூசா இருக்கா, ஒன்னுக்கு நல்லா போகுதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். அதெல்லாம் எதுக்கு தம்பி, வழக்கம்போல ஒரு அமுத்து அமுத்திவிடு, போயிடுறேன் என்றார் அவர்.

"இன்னைக்கு நான் கை வைக்க மாட்டேன் பாய். முதல்ல ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க."

அவர் கோபித்துக்கொண்டார். இவ்வளவு தூரம் வந்தும் தொடமாட்டேன் என்கிறாயே என்று சத்தம் போட்டார். நீ விட்டுக்கொடுக்கவில்லை. எனக்குப் பெருமை வந்திருக்க வேண்டும். அதற்காகவே காத்திருந்து பார்த்தேன், வரவில்லை. நீ எல்லாம் கேட்டு முடிக்க ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகியிருக்காது. அப்பாவுக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதானா என்றுதான் எனக்குத் தோன்றியது. வரவேற்புப் பெண் என் பெயரைக் கூப்பிடுவதற்குள் எழுந்து படி இறங்கிவிட்டேன்.

உன் அப்பாவையும் அப்படி ஒரு வெள்ளிக்கிழமை நீ தொடாமல் அனுப்பியிருக்கலாம். கோபித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்திருப்பார். ஆனால் நடந்து வந்திருப்பார்.

அம்மா